மந்தாரத்தாரும் மரியதாஸின் முழங்கையும்

வெயில் எறித்தால் முகம் இருண்டுபோகிற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரும் யாழ்ப்பாணத் தீவான வேலணையில், நான் வேலை பார்க்கிற ஸ்ரூடியோவுக்கே முதலாளியாக வந்து வாய்த்தார். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சிறிசு பெரிசு எல்லோருக்கும் அவர் மந்தாரத்தார்.

மப்பும் மந்தாரமுமான நாளில் மட்டும்தான் மனிதர் மனமொத்துக் கமராவைத் தூக்குவார். நீலக் கடல், வெள்ளை மணல், பல்லைக் காட்டுகிற ஆட்கள், இதெல்லாம் அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. கடலென்றால் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். வானம் தலையில் இடிக்கிற மாதிரித் தொங்க வேண்டும். படத்தைப் பார்க்கிறவருக்கு இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்கக்கூடாது.

எங்கள் ஒழுங்கைத் தெருப் பெண்களுக்கு வானிலை அறிக்கை தேவைப்படவில்லை. மந்தாரத்தார் கமரா முக்காலியைத் தோளில் கொழுவிக்கொண்டு சாட்டிக் கடற்கரைப் பக்கம் சைக்கிளை மிதித்தால் போதும். "மந்தாரத்தார் சிரிச்சுக்கொண்டு போறார், காயவைச்ச மிளகாயை உள்ளுக்கை எடுங்கோ!" என்று வேலிக்கு வேலி சத்தம் போகும். அந்தச் சிரிப்பு ஒருநாளும் பொய்த்ததில்லை.

படம் பிடிப்பது அவர், கணினியில் திருத்துவது நான். பதினோரு வருடமாக அதுதான் ஒழுங்கு. பின்னேரம் என் முதுகுக்குப் பின்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"பிள்ளை, அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையும்."

குறைப்பேன்.

"இன்னும் குறையும். சோகம் காணாது."

"அண்ணை, இதுக்கு மேல குறைச்சால் கரண்ட் போன மாதிரித்தான் இருக்கும்."

"இருக்கட்டும். கரண்ட் போகேக்கைதானே மனுசன் ஒழுங்கா யோசிக்கிறான்!"

ஒருமுறை கனடாவிலிருந்து வந்த பக்கத்துச் சரவணை ஊர் மாப்பிள்ளை ஒருவர், சாட்டிக் கரையில் வைத்துக் கலியாணப் படம் எடுக்க வேண்டும் என்றார். மந்தாரத்தார் மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் காலை ஒன்பது மணிக்கு ஒரு பனையடியில் இருத்திவிட்டு, முகில் வரட்டும் என்று பின்னேரம் மூன்று மணிவரை காத்திருந்தார். பொம்பிளையின் அலங்காரம் கழுத்துவரை வழிந்துவிட்டது. அல்பத்தைத் திறந்த தாய்க்காரி அதை மேசையில் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"ஐயோ தம்பி, இதென்ன கலியாண வீடோ, செத்த வீடோ?"

"அக்கா, இப்ப அப்பிடித்தான் இருக்கும். பத்து வருசம் கழிச்சுப் பாருங்கோ, சரியா இருக்கும்" என்றார் இவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். கடைசியில் நான்தான் அல்பம் முழுவதற்கும் வெயில் போட்டுக் கொடுத்தேன். மூன்று நாள் மந்தாரத்தார் என்னோடு கதைக்கவில்லை.

வெயிலுக்கு அடுத்தபடியாக அவருக்கு ஆகாதவர்கள் மனிதர்கள். கடற்கரைப் படத்துக்குள் யார் வந்து நின்றாலும் துடைத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குளிக்க வந்த குடும்பங்கள், ஐஸ்கிறீம் வான், அதற்குப் பின்னால் ஓடிய நாய், எல்லாம் என் கையால்தான் மறைந்தன. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேன், ஏன் அண்ணை உங்களுக்கு ஆட்கள் மேல் இவ்வளவு கோபம் என்று.

"கோபம் இல்லைப் பிள்ளை. ஆக்கள் வருவினம், போவினம். கடல் ஒண்டுதான் விட்ட இடத்தில நிக்குது."

அவருடைய அண்ணன், தம்பி, பிள்ளைகள் எல்லோரும் மூன்று நாட்டில். மனைவி பிள்ளைகளோடு போய் வருடக்கணக்காகிவிட்டது. ஆறு அறை வீட்டில் மனிதர் குசினிக்குப் பக்கத்து அறையில் மட்டும் சீவித்தார். அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. சொன்னதைத் துடைத்தேன். திருத்தி முடிந்ததும் திருத்தாத மூலப் படத்தை அழித்துவிடவும் சொல்வார். பழசு கிடந்தால் மனம் பழசுக்குப் போகுமாம். அதையும் செய்தேன்.

நான் ஆக அதிகமாகத் துடைத்தது மரியதாஸ் அண்ணையைத்தான். கரையோடு குடியிருந்தவர். ஆழமில்லாத கடலில் வரிசையாகத் தடி நட்டு, அதில் வலை கட்டி மீன் பிடிப்பவர். அந்தத் தடிகள் மந்தாரத்தாருக்கு உயிர். தடிகளின் சொந்தக்காரர்தான் இடைஞ்சல்.

"அண்ணை, என்னையும் ஒண்டு எடுங்கோவன்!" என்று தண்ணீருக்குள் நின்று கூப்பிடுவார் மரியதாஸ்.

"நீர் கொஞ்சம் அங்கால போம்."

அவரும் மரியாதையாக அங்கால போவார். அங்கேயும் படத்துக்குள்தான் நிற்பார். சிவப்புச் சாரத்தை மடித்துக் கட்டி, கையால் தலையைத் தடவிச் சரிசெய்து, அசையாமல் நிற்பார்.

"எடுத்தாச்சோ அண்ணை?"

"ஓம் ஓம், எடுத்தாச்சு. நல்ல வடிவா வந்திருக்கு."

பின்னேரம் ஸ்ரூடியோவில், "பிள்ளை, உவரைத் துடைச்சுவிடும்" என்பார். நானும் துடைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன்.

போன வருடம் ஒரு காலையில் வலை இழுத்துக்கொண்டு நின்ற மரியதாஸ் அண்ணைக்கு நெஞ்சுக்குள் நோவு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அடுத்த கிழமை அவருடைய மனைவி றீற்றா அக்கா ஸ்ரூடியோவுக்கு வந்தார். அழுது வீங்கிய முகம். ஆனால் கேட்கும்போது குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது.

"அண்ணை, அவசரத்துக்கு ஐடென்ரிக் காட் படத்தைத்தான் சவப்பெட்டிக்கு முன்னால வைச்சனாங்கள். இருபது வயசில எடுத்தது. கள்ளன் மாதிரி முழிச்சுக்கொண்டு நிக்கிறார். அவரின்ர போனும் கடலுக்கை விழுந்து, அதில கிடந்ததெல்லாம் போச்சு. ஆனா நான் கவலைப்படேல்லை. 'நான் செத்தாலும் படத்துக்குப் பஞ்சமில்லை, மந்தாரத்தார் என்னை ஆயிரம் படம் எடுத்து வைச்சிருக்கிறார்' எண்டு வாய் ஓயாமச் சொல்லுவார். முப்பத்தோராம் நாள் பூசைக்கு அதில நல்லதொண்டு பாத்துத் தாங்கோ."

மந்தாரத்தார் கதிரையை விட்டு எழும்பினார். திரும்பவும் இருந்தார். "வாற கிழமை தாறன் தங்கச்சி" என்றார். றீற்றா அக்கா படி இறங்கிய உடனே கடைக் கதவை உள்பக்கமாகப் பூட்டச் சொன்னார்.

தேடினோம். வருடவாரியாகத் திறந்து திறந்து பார்த்தோம். கடல், கடல், கடல். ஆள் அரவம், அசுமாத்தமே இல்லாத சாம்பல் கடல். எங்கே என்ன நின்றது என்று சந்தேகப்படவே முடியாத அளவுக்குச் சுத்தமாகத் துடைத்திருந்தேன். அந்தச் சுத்தத்தில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது! இப்போது என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"இதில நிண்டவர் பிள்ளை. இந்த மூண்டாம் தடிக்குப் பக்கத்தில."

"ஓம் அண்ணை."

"இதிலையும் நிண்டவர். அண்டைக்குத் தடிமன், தும்மிக்கொண்டு நிண்டவர்."

எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. எந்தப் படத்தில், எந்தத் தடியடியில், என்ன சேட்டோடு நின்றவர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அழித்த படங்களை மீட்கலாமோ என்று கணினியை யாழ்ப்பாணத்தில் ஒரு திருத்துகிற கடைக்குக் கொண்டு ஓடினோம். அதன்மேல் எத்தனையோ கடல் படங்களை எழுதிவிட்டீர்கள், ஏலாது என்று கையை விரித்தார்கள்.

நாலாம் நாள், ஒரு படத்தின் வலது ஓரத்தில், சட்டத்துக்குள் வந்தும் வராமலும் ஒரு முழங்கை தெரிந்தது. நான் துடைக்கத் தவறிய முழங்கை.

"உந்த முழங்கையை ஏன் நீர் துடைக்கேல்லை?"

"கவனிக்கேல்லை அண்ணை."

"நல்ல வேலை செய்தீர்" என்றார். பதினோரு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

படத்தைக் கொண்டு றீற்றா அக்கா வீட்டுக்கு இருவருமாகப் போனோம். ஏதாவது சாட்டுச் சொல்லலாம் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கணினி பழுதாகிவிட்டது என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? மனிதர் கேட்கவில்லை.

"தங்கச்சி, மரியதாஸ் எல்லாப் படத்திலையும் நிண்டவர். நான்தான் துடைப்பிச்சனான். எடுத்தாச்சு எண்டு அவருக்குப் பொய் சொன்னனான். மிஞ்சினது இது ஒண்டுதான்."

றீற்றா அக்கா படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு தொடங்கினார்.

"கோதாரி விழுவானே! நீ படம் எடுக்க வருவாய் எண்டு அந்த மனுசன் தலை வாரி இழுத்து, பவுடரும் பூசிக்கொண்டெல்லோ தண்ணிக்கை இறங்கினது! தொழிலுக்குப் போறவன் பவுடர் பூசுறானோ எண்டு நான் எத்தினை நாள் சண்டை பிடிச்சிருப்பன்! என்ன விசர் உனக்கு?"

மந்தாரத்தார் குனிந்த தலை நிமிரவில்லை. எவ்வளவு நேரம் ஏசினாரோ தெரியாது, திடீரென்று அந்த முழங்கையில் விரலை வைத்தார் றீற்றா அக்கா.

"இந்தத் தழும்பு தெரியுது. கலியாணம் முடிச்ச புதுசில நான் கொதி தண்ணி ஊத்தினது. தெரியாமத்தான்." மூக்கைச் சிந்தினார். "அவரின்ர கைதான். பெருசாக்கித் தாங்கோ."

முப்பத்தோராம் நாள் வீட்டுச் சுவரில், மாலை போட்டு அது தொங்கியது. இருண்ட கடல், வரிசையாகத் தடிகள், ஓரத்தில் ஒரு முழங்கை. வந்தவர்கள் எல்லோரும் தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தார்கள். ஒருவர் படத்தைச் சுவரிலிருந்து மெல்லத் தள்ளி, மிச்சம் பின்னால் இருக்குமோ என்றுகூடப் பார்த்தார். அன்றைக்குச் சிரிக்கவும் ஏலவில்லை, அழுதும் தீரவில்லை. மந்தாரத்தார் உள்ளே வராமல் வேலியடியில் நின்று தேம்பினார். நான் பக்கத்தில் போய் நின்றேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு அவர் மந்தாரத்தில் போவதில்லை. மிளகாய்கள் எல்லாம் நனைகின்றன. நல்ல முகிலாய் வந்த ஒருநாள், "அண்ணை, போகேல்லையோ?" என்று நானே கேட்டேன்.

"முகம் தெரியாது பிள்ளை" என்றார்.

இப்போது பளீரென்று வெயில் எறிக்கிற காலைகளில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அந்த வெயிலை வாய்க்குள் ஏசிக்கொண்டு கரைக்குப் போகிறார். வலை இழுக்கிறவர், மீனைத் தெரிந்து பிரிக்கிறவர், சும்மா நிற்கிறவர் எல்லோரையும் பிடித்து நிறுத்தி, "நேர பாரும், முகத்தை மறையாதையும்" என்று எடுக்கிறார். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்பதற்காகச் சூரியனைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார். அதனால் ஒவ்வொரு படத்திலும், மணலில் நீளமாக, முக்காலியும் தொப்பியும் கூனல் முதுகுமாக அவருடைய நிழல் விழுந்து கிடக்கிறது.

படம் வாங்க வருகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள். "பிள்ளை, வடிவா இருக்கு. காலடியில கிடக்கிற அந்தக் கறுப்பை மட்டும் துடைச்சுவிடுமன்."

எனக்கு அது இரண்டு நிமிட வேலை. ஆனால் மந்தாரத்தார் தன்னைப் படம் எடுக்க ஒருநாளும் ஒருவரையும் விட்டதில்லை. அவருடைய படம் என்று எங்களிடம் இருப்பது அந்த நிழல் மட்டும்தான். "அது ஏலாது அக்கா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.