மனை நடுவே தயிர்சாதம்

திருப்பதியைச் சுற்றிக் கல் நட்டு, கலர் கொடி கட்டி விற்பனைக்கு வந்த எந்த மனையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் உட்கார்ந்து எங்கள் டிபன் பாக்ஸ் ஒரு தடவையாவது தயிர்சாதம் சாப்பிட்டிருப்பாள். வாங்கினாளா என்பது வேறு விஷயம்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் எங்கள் லேடீஸ் ஹாஸ்டல் வாட்ச்மேனுக்கே ஆள் தெரியாது; டிபன் பாக்ஸ் என்றால்தான் தெரியும். ரேணிகுண்டா பக்கம் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். எனக்குத் தரப் பரிசோதனையில் தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம்; அவளுக்குக் கொள்முதலில் பேரம் பேசச் சம்பளம். ஒரே அறை, ஒரே வயது, ஏறக்குறைய ஒரே வருமானம். அவளிடம் மனை இருந்தது. என்னிடம் எக்செல் ஷீட் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். புரோக்கர் குடை பிடித்து நிற்க, இவள் நடு மனையில் துண்டை விரித்து டப்பாவைத் திறப்பாள்.

“மேடம், ஆபீஸ்ல ஏசி உந்தி, ஏசி இருக்கு மேடம். அங்க சாப்பிடலாம்.”

“உங்க ஏசியையா நான் வாங்கப் போறேன்? நீங்களும் குந்துங்க அண்ணா, ஊறுகா கீது.”

எதற்கு இந்த வேஷம் என்று கேட்டேன்.

“நின்னு பாத்தா எல்லா இடமும் அழகாத்தாண்டி கீது. குந்தி துன்னு பாரு. எறும்பு எங்கேர்ந்து வருது, நாத்தம் எங்கேர்ந்து வருது, பக்கத்து வூட்டுக்காரி எப்டி மொறைக்கிறா, எல்லாம் அப்பதான் தெரியும்.”

சில புரோக்கர்கள் அந்த எவர்சில்வர் டப்பாவைத் தூரத்தில் பார்த்ததுமே விலையைக் குறைத்தார்கள். நான் அதே மாதிரி டப்பா ஒன்று வாங்கிப் பார்த்தேன். ஒருவரும் குறைக்கவில்லை.

ஒரு முறை அவள் கணக்கு தப்பியது. கோடையில் சாப்பிட்டுப் பிடித்துப்போன மனை, மழைக்காலத்தில் ஓடையாகிவிட்டது. கொடுத்த அட்வான்ஸ் போயே போனது. அன்று மாலை ஹாஸ்டல் முழுக்க ஜிலேபி கொடுத்தாள்.

“நஷ்டத்துக்கு எவளாவது ஸ்வீட் குடுப்பாளாடி?”

“லாபம் வந்தா ஊரே கேட்டு வாங்கித் துன்னும். நஷ்டத்துக்கு நம்மளே குடுத்துக்கினாதான் உண்டு. போனா ஒரு அழுகை அழுதுட்டு மறந்துடற அளவுதான் நான் அட்வான்ஸே குடுக்கறது. இனிமே வெயில்ல ஒருவாட்டி, மழையில ஒருவாட்டி துன்னணும். அவ்ளோதான்.”

உண்மையைச் சொல்கிறேன், முதல் ஜிலேபி எனக்கு மிகவும் இனித்தது. இரண்டாவதைக் கடிப்பதற்குள் அவள் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள். ஒரு பைசா இழக்காத நான்தான் விழித்துக்கொண்டு கிடந்தேன்.

அப்போதுதான் எங்கள் வீட்டில் நெருக்கடி வந்தது. நைனா நகரியில் வாடகைக் கொட்டகையில் விசைத்தறி ஓட்டுகிறவர். தை பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் கொட்டகைக்காரர். போக்கிடம் இல்லையென்றால் தறிகளைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும். புத்தூருக்கு வெளியே ஓர் இடம் கிடைத்தது. பத்திரம், வில்லங்கம், பாதை, மின்சாரம், தண்ணீர் ஓடும் சரிவு, கொட்டகைக்கு அனுமதி என்று எல்லாவற்றையும் சரிபார்த்தேன். எக்செலில் எல்லாம் பச்சை. ஆனால் அட்வான்ஸ் கொடுக்கக் கை வரவில்லை. வாரம் ஒரு புதுச் சந்தேகத்தைச் சேர்த்துக்கொண்டே போனேன்.

“இன்னாம்மா, இடம் வாங்கறியா, அதுக்குப் பரீச்சை வெக்கிறியா?” என்றார் நைனா. வேறு ஆள் கேட்பதாகவும், ஞாயிறு வரைதான் பொறுப்பேன் என்றும் சொல்லிவிட்டார் இடத்துக்காரர்.

அந்த ஞாயிறு, நானும் நைனாவும் புத்தூர் இடத்தில் நின்றபோது, நான் கூப்பிடாமலே டிபன் பாக்ஸ் வந்து நின்றாள். கையில் டப்பா, தோளில் பெரிய ஸ்பீக்கர். எனக்குத் தெரியாமல் நைனாவுக்கு போன் செய்து, தறி ஓடும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அவரும் அனுப்பியிருக்கிறார்! நான் கேட்டால் பேங்க் பாஸ்புக் போட்டோ அனுப்பக்கூட ஒரு வாரம் எடுத்துக்கொள்கிற மனிதர்.

உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்தாள். ஸ்பீக்கரை முழு சத்தத்தில் வைத்தாள். தடக் தடக் தடக் தடக். வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகப் பறந்தன. பக்கத்து வீட்டிலிருந்து பனியனோடு ஒரு பெரியவர் ஓடி வந்தார்.

“ஏமம்மா! இக்கட மில்லு பெடுதாரா? மில்லு வெக்கப் போறீங்களா?”

“மில்லு காது, மில்லு இல்ல சார். தறி. இவங்க நைனாது.”

“மத்தியானம் தூங்கற மனுஷன்மா நானு! உட மாட்டேன், பஞ்சாயத்துல கம்ப்ளெயிண்ட் குடுப்பேன்!”

அவர் பின்னாலேயே அவர் மனைவி வந்தார். “பவர்லூமா? நான் நகரிப் பொண்ணும்மா. கட்டிக்கினு வந்த புதுசுல இந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வரல. இவரு கெடக்கறாரு, நீங்க வாங்க.”

எங்கள் நைனா கை கூப்பினார். “சாப்பாட்டுக்கப்பறம் டீ நேரம் வரைக்கும் தறிய நிறுத்திடறேன் சார். அந்நேரம் நானும் தூங்கறவன்தான்.”

பெரியவர் யோசித்தார். “ஞாயித்துக்கெழம?”

“முழு லீவு சார்” என்றாள் டிபன் பாக்ஸ், தறிகள் தன்னுடையவை போல.

பூகம்பம் வந்தால் என்ன செய்வது என்றுகூட நான் யோசித்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தை யோசிக்கவில்லை.

மீதித் தயிர்சாதத்தை என்னிடம் நீட்டினாள். “துன்னு. துன்னுட்டு, பயம் போச்சான்னு சொல்லு.”

சாப்பிட்டேன். “போகலடி.”

“முழுசா போயிருந்தா அட்வான்ஸ் குடுக்காதன்னு சொல்லியிருப்பேன். கொஞ்சம் இருக்கட்டும். குடு.”

கொடுத்தேன்.

தறிகள் இப்போது அங்கே ஓடுகின்றன. மத்தியானத்தில் மட்டும் மூச்சு வாங்குகின்றன. சாப்பிட்டாயா என்று கேட்க நைனா எனக்கு போன் செய்கிறார். கூரைத் தகடு முதல் கரண்ட் பில் வரை மற்ற எல்லாவற்றுக்கும் அவளுக்குத்தான். நகரிக்கார அம்மா புளிக்குழம்பு வைத்தால் அவளுக்கென்று தனியாக எடுத்து வைக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது, மறைக்கவில்லை.

நாயுடுபேட்டையில் ஓர் இடம் பார்த்திருக்கிறாளாம், அங்கேயே வீடு கட்டிக் குடிபோக. வெயிலில் சாப்பிட்டாகிவிட்டது, மழைக்குக் காத்திருக்கிறாள். பக்கத்து மனை காலியாக இருக்கிறதா என்று மட்டும் எனக்காக விசாரித்து வைக்கச் சொன்னேன்.