கறுப்புக் கண்ணாடியும் என் காந்தக் கல்லும்

எங்கே வாயை மூட வேண்டும் என்று படித்தவனுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கு அம்மா சொல்லித்தான் தந்தாள், நான்தான் கேட்கவில்லை.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெண் பார்க்கப் போகும்போது காரிலேயே சொன்னாள்: "ஏலே, அங்க போயி உன் கல்லப் பத்தி ஆரம்பிச்சிராத."

கல் என்பது என் ஐந்து வருட ஆராய்ச்சி. காந்தத் தன்மையுள்ள ஒரு படிகம். ஒரு பக்கமிருந்து வரும் ஒளியை நிறைய விழுங்கும். அதே ஒளி எதிர்ப்பக்கமிருந்து வந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். ஒளி வழியாகத் தகவல் அனுப்பும் கருவிகளில் ஒருவழிப்பாதை போட உதவும். (உதவும் என்றுதான் ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.)

பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் கிடையாது. இந்த இடம் எப்படியாவது அமைய வேண்டும் என்று ஆண்டாளிடம்கூட விண்ணப்பம் போட்டிருந்தேன்.

பெண்ணின் அப்பா பேண்டேஜ் துணி கம்பெனி நடத்துபவர். ஆபீஸில் இருப்பது போலவே, வீட்டிலும் ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடுவே கறுப்பு பிலிம் ஒட்டிய பெரிய கண்ணாடி. அதில் என் முகம்தான் தெரிந்தது. இரண்டு முறை தலை வாரிக்கொண்டேன்.

"உள்ள இருந்து பாத்தா இங்க எல்லாம் தெரியும். இங்கருந்து பாத்தா உள்ள ஒண்ணும் தெரியாது. தம்பி ஆராய்ச்சியும் இதானாமே?" என்றார் பெருமையாக.

ஆமாம் என்றால் முடிந்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"இல்ல சார், இந்தக் கண்ணாடி ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். இங்க லைட் எரியுது, உள்ள இருட்டு. அம்புட்டுதான். லைட்ட மாத்திப் போட்டா அப்படியே தலைகீழாயிரும், பாருங்க."

இரண்டு அறைக்கும் சேர்த்த சுவிட்ச் போர்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஹால் விளக்கை அணைத்து உள்ளறை விளக்கைப் போட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண், அவள் அம்மா, மூன்று அத்தைமார். பெண் பால்கோவாவை மென்றபடி 'வேண்டவே வேண்டாம்' என்று அம்மாவிடம் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு வழக்கம் அது: பெண் முதலில் கண்ணாடி வழியாக மாப்பிள்ளையைப் பார்ப்பாள், பிடித்திருந்தால்தான் காபியோடு வெளியே வருவாள். விளக்கு எரிந்ததும் அவள் தலை பாதியில் நின்றது. எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

"லைட்ட அணைலே!" என்றாள் அம்மா. அணைத்தேன். இப்போது இரண்டு பக்கமும் இருட்டு.

காபியைப் பெண்ணின் அம்மாதான் கொண்டுவந்தார்.

நான் சும்மா இருந்திருந்தால், ஜாதகம் பொருந்தவில்லை என்று போனில் மரியாதையாகச் சொல்லியிருப்பார்கள். நானும் நம்பியிருப்பேன். அவள் தலையாட்டியது என் முகத்துக்கா, நான் கொடுத்த விளக்கத்துக்கா என்பது இன்றுவரை தெரியவில்லை.

இப்போதும் தரகர் போட்டோ நீட்டினால் அம்மா அதை வாங்குவதில்லை. "அதப் பொறவு பாப்போம். அவிய வீட்டுல கண்ணாடி இருக்கான்னு மொதல்ல கேட்டுட்டு வாங்க" என்கிறாள்.