றிம் காக்கா விட்ட லீவுகள்

உலகத்திலேயே அதிக நாள் லீவு விட்ட பள்ளிக்கூடம் கல்முனையில் எங்கள் ஒழுங்கையில்தான் இருந்தது. அதற்கு அதிபர், வாத்தியார், காவலாளி எல்லாமே றிம் காக்கா. மாணவி ஒரேயொருத்திதான். அவருடைய மகள் நஸீமா, வயது ஏழு.

றிம் காக்கா சைக்கிள் திருத்துபவர். எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் அவர் கைபடாத சில்லு ஒன்றுகூட ஓடவில்லை. நான் அப்போது தபாற்கந்தோரில் புதிதாகச் சேர்ந்த கிளார்க். அவருக்குப் பக்கத்து வளவு, நடுவில் ஒரு கிடுகு வேலி.

ஒரு நாள் காலை பத்து மணிக்கே நஸீமாவை ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு திரும்பி வந்தார். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அது. "இதுக்குப் படிப்பு வராது" என்று டீச்சர் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டாராம்.

"என்ட புள்ளைக்கா படிப்பு வராது? நான் படிப்பிச்சுக் காட்டுறன் தம்பி!"

இதையே அங்கே அதிபரிடமும் கத்திவிட்டு வந்திருந்தார். அதிபர் பொறுமைசாலி. வருடக் கடைசியில் தானே சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னார். பாஸானால் தன் வயதுப் பிள்ளைகளோடு மூன்றாம் வகுப்பு. இல்லாவிட்டால் மறுபடியும் ஒன்றாம் வகுப்பு வாங்கில் சின்னஞ்சிறுசுகளோடு உட்கார வேண்டும்.

மறுநாளே முன்விறாந்தையில் பள்ளிக்கூடம் தொடங்கியது. மாமரத்தில் பழைய றிம் ஒன்றைப் பள்ளிக்கூட பெல்லாகத் தொங்கவிட்டு ஸ்பானரால் ஓங்கி அடித்தார். ஒழுங்கையே பதறி எழும்பியது. அவர் மனைவி அகப்பையோடு ஓடி வந்தார்.

"இஞ்ச பாருங்க, இது எனக்குச் சீதனமா வந்த ஊடு. பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் குடுக்கல்ல!"

"ஸ்கூல் நேரத்தில பெற்றார் உள்ளுக்கு வரப்படா" என்றார் காக்கா. அன்று முதல் அந்த அம்மா சொந்த வீட்டுக்குள் கொல்லைப்புறத்தால்தான் போய் வந்தார்.

எல்லாம் சரி, காக்கா படித்ததே ஒன்றாம் வகுப்பில் பாதிதான். மீதிப் பாதிக்கு அவரை இறக்காமத்து வயலில் காவலுக்கு நிறுத்திவிட்டார்கள். ஆகவே தினமும் மாலையில் அசர் தொழுதுவிட்டு, சட்டைக்குள் புத்தகத்தை ஒளித்துக்கொண்டு வேலியடிக்கு வருவார்.

"தம்பி, நாளைக்கு இந்தப் பக்கம். எனக்கு விளங்கப்படுத்துங்க. மெதுவாக் கதைங்க, புள்ளைக்குத் தெரிஞ்சா என்ட மருவாதி போயிரும்."

காக்கா மெதுவாகக் கதைத்தால் சந்தையில் கேட்கும். இருந்தாலும் ஒவ்வொரு எழுத்தையும் வியர்க்க வியர்க்கப் படித்துக்கொண்டு போவார். மாணவியைவிட எப்போதும் ஒரே ஒரு பக்கம் முன்னால் நின்றார்.

நான் கந்தோரில் சுணங்கினால் அந்த ஒரு பக்கமும் இல்லை. மறுநாள் லீவு. இறக்காமத்தில் யானை இறங்கிவிட்டதாம், லீவு. மாவடிப்பள்ளிப் பக்கம் ரோட்டில் வெள்ளமாம், லீவு. பள்ளிக்கூடம் இருந்ததோ அவர் வீட்டு விறாந்தையில்! நான் பயிற்சிக்காக இரண்டு கிழமை கொழும்புக்குப் போய் வந்து பார்த்தால், தைப்பொங்கலுக்கு லீவு என்றார்கள். அது ஓகஸ்ட் மாதம்.

இத்தனை லீவால் புத்தகத்தின் கடைசி மூன்று பக்கங்கள் எங்களுக்குப் படிக்காமலே மிஞ்சிவிட்டன. சோதனை நாளன்று காக்கா கடையைப் பூட்டிவிட்டு வெள்ளைச் சாரம் கட்டி வந்தார். எவ்வளவு தேய்த்தும் கையில் கிறீஸ் போகவில்லை. துணைக்கு என்னையும் இழுத்து வந்திருந்தார். அதிபர் புத்தகத்தை வாங்கி, வேண்டுமென்றே செய்தவர்போல, கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நஸீமா ஒருமுறை செருமினாள். பிறகு, வகுப்பில் வாய் திறக்காத அந்தப் பிள்ளை, முழுப் பக்கத்தையும் கணீரென்று வாசித்து முடித்தாள்.

"மகள், உனக்கு யாரு படிப்பிச்ச?" என்று கேட்டார் அதிபர்.

"எங்கட வாப்பா."

வெளியே வந்ததும் காக்கா என் காதில், "தம்பி, அந்தப் பக்கம் நான் படிப்பிக்கவே இல்லியே!" என்றார்.

அடுத்த நாள் நஸீமாவை வேலியடியில் பிடித்துக் கேட்டேன்.

"கோழிக்கூட்டுக்குப் பின்னால இரிந்து, நீங்க வாப்பாக்குச் சொல்லிக் குடுக்கிறத்த கேட்பன் சாச்சா. பொறகு மிச்சத்த நானே வாசிச்சிட்டன்."

"அப்ப ஏன் காலையில ஒண்டும் தெரியாத மாதிரி இரிந்த?"

"எனக்குத் தெரிஞ்சா வாப்பா பெல் அடிக்க மாட்டாரே."

இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

நஸீமாவுக்கு இப்போது பதினான்கு வயது. காக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு, கடையில் உட்கார்ந்து, இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிக்கிறாராம். காக்கா, இதையும் வாசிப்பீர்கள். வாசித்துவிட்டு, மகள் வரும்போது ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துவிடுங்கள்.