இதுக்குக் கீழ வயிறு இல்லை, தம்பி

எனக்கு மூன்று மொழிகள் தெரியும். தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேரம் பேசுவேன், சண்டையும் போடுவேன். ஆனால் என் உடம்பில் ஒரே ஓர் இடத்தின் பெயரைச் சொல்லவேண்டி வந்தபோது மூன்று மொழியும் என்னைக் கைவிட்டன. (மொழிமேல் பழி போடுகிறேன். வாயைத் திறக்காதவன் நான்தான்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கிள்ளானில் அம்மாவோடும் அக்காவோடும் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. சுபாங் ஜெயாவில் நண்பர்களோடு பந்து விளையாடக் கிளம்பி, காலணி மாட்டக் குனிந்தேன். இடது விதையில் சுரீரென்று ஒரு வலி. யாரும் உதைக்கவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

அம்மா ஓடி வந்தார். "என்னடா செய்யுது?"

"வயிறும்மா. அடிவயிறு."

அம்மா தைலத்தை எடுத்தார். ஒரு பாவமும் அறியாத என் வயிற்றை மூன்று மணி நேரம் தேய்த்தார். நடுநடுவே ஓமத் தண்ணீர் வேறு. "இப்ப பரவால்லயா?" என்று கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு "பரவால்லம்மா" என்றேன். இந்த வலிக்குக் கெடு உண்டு, சில மணி நேரம் தாண்டினால் உள்ளே இருப்பது செத்துவிடும் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு மணிக்கு என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோன அக்கா காரை எடுத்தாள்.

மருத்துவமனையில் இருந்த டாக்டர் ஏறக்குறைய என் வயதுப் பெண். போதாக்குறைக்குத் தமிழ்ப் பெண். (அழகு வேறு. வலியிலும் கவனித்தேன்.)

"எங்க வலிக்குது?"

"அடிவயிறு, டாக்டர்."

"கீழ எங்கயாச்சும் வலி, வீக்கம் இருக்கா? வெக்கப்படாம சொல்லுங்க."

"அங்கெல்லாம் ஒண்ணும் இல்ல."

அவர் கேட்கத்தான் கேட்டார். இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. குடல்வாலாக இருக்குமோ என்று வயிற்றுக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம். நான் சொன்ன பொய்க்காக இரண்டு போத்தல் தண்ணீர் குடித்தேன்.

ஸ்கேன் அறையில் இருந்தவர் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் ஓர் அங்கிள். குளிர்ந்த களிம்பைத் தடவி, கருவியை வயிற்றில் ஓட்டினார்.

"இதிலயா நோகுது?"

"கொஞ்சம் கீழ, அங்கிள்."

"இதில?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

கருவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதுக்குக் கீழ வயிறு இல்லை, தம்பி."

நான் கூரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. துண்டைப் போர்த்தி, சரியான இடத்தில் கருவியை வைத்தார். திரையில் வலது பக்கம் சிவப்பும் நீலமுமாக ரத்தம் ஓடுவது தெரிந்தது. இடது பக்கம் கறுப்பாகவே கிடந்தது.

"எத்தினை மணிக்குத் துவங்கினது?"

"காலைல எட்டரை."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று. "முறுக்கிக்கொண்டு நிக்குது தம்பி. ரத்தம் போகேல்லை" என்றவர், ஓடாத குறையாக வெளியே போனார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வெளியே நின்ற அம்மாவிடம் ஒரு மலாய் நர்ஸ், நாசூக்காகச் சொல்வதாக நினைத்து, உங்கள் மகனின் 'தெலோர்' முறுக்கிக்கொண்டது என்றார். அம்மாவுக்குத் தெரிந்த தெலோர், கடையில் விற்கும் கோழி முட்டைதான்.

"அவன் காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலியே. நேத்து ரொட்டி தெலோர் சாப்பிட்டான். அதுவா?"

அக்காதான் அம்மாவின் காதில் விளக்கினாள். அந்த வராந்தாவே சிரித்தது என்பாள் அக்கா. அம்மா சிரிக்கவில்லையாம், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

இடதை எடுத்துவிட்டார்கள். வலதும் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத் தையல் போட்டார்கள். காலையிலேயே வந்திருந்தால் அநேகமாகக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். நான் கண்விழித்தபோது அம்மா பக்கத்தில் இருந்தார். கையில் இன்னும் தைல வாசம்.

"என்கிட்ட சொல்ல என்னடா வெக்கம்? குளிப்பாட்டி வளத்தவ நான்தானே. தெரியாம வயித்தயே தேச்சுக்கிட்டு இருந்துட்டேனே."

தப்பு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். போனதைவிட, அதற்காகத்தான் இன்றுவரை வருந்துகிறேன்.

இப்போது எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், ஆகவே குறையொன்றும் இல்லை. குடும்பத்தோடு பிரிக்பீல்ட்ஸில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் அக்கா விடமாட்டாள்.

"அண்ணே, எல்லாருக்கும் ரெண்டு முட்டை போட்டு ரொட்டி தெலோர். இவனுக்கு மட்டும் ஒரு முட்டை போதும்லா."

மேசையே சிரிக்கும். என் மனைவிதான் சத்தமாகச் சிரிப்பாள். அம்மா மட்டும் சிரிக்கமாட்டார். மாவு வீசுபவர் பக்கம் திரும்பி, ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்வார்.

"அவனுக்கு ரெண்டு போடுப்பா."