பாதி எரியாத பெட்டி

கடைக்கு லோடுமேன் தர வேண்டிய பாக்கி மூவாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். அதில் சல்லிக்காசுகூடத் தரமாட்டேன் என்று சுவர் அதிரக் கத்திக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாரு! பெட்டியில அறுபது பல்பு. எரியறது முப்பது. மிச்சம் முப்பதும் செத்துக் கெடக்கு. பாதி வெளிச்சத்துக்கு முழுப் பணமா?"

"கத்துற நேரத்துக்கு முட்டியக் காட்டிட்டு உக்காருங்க," என்றாள் மனைவி. "மேஸ்திரி சொன்னது ஞாபகம் இருக்கா?"

மறக்கிற பேச்சா அது? லாரியில் சாய்த்த பலகையில் ஏறும்போது வலது முட்டி மடங்கி, மூட்டையோடு உருண்டவர் அவர். "ஒரு மாசத்துல ஏறிக் காட்டு. இல்லேன்னா உன் எடத்துல வேற ஆளு" என்றுவிட்டார் மேஸ்திரி. அந்தப் பயத்தில்தான், 'சிவப்பு ஒளி வைத்தியம்' என்று போர்டு மாட்டிய கடையில் கொஞ்சம் முன்பணம் கட்டி இந்தப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள்.

கடை நாலாவது மாடியில். லிஃப்ட் பழுது. கைப்பிடியைப் பிடித்து, மாடிக்கு மாடி உட்கார்ந்து, முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார். மூச்சு திரும்பியதும் வசவை ஆரம்பித்தார்.

கடையில் மிஷின் விளக்கம் சொல்கிற வெள்ளைக் கோட்டுப் பெண் அசரவில்லை. "ஐயா, அது செத்த பல்பு இல்ல. எரியறது அறுநூத்தி அறுபது. எரியாத மாதிரி இருக்கறது எண்ணூத்தி அம்பது."

"அது என்ன, வீட்டு நம்பரா?"

"அலைநீளம்யா. நானோமீட்டர்ல சொல்லுவோம். அறுநூத்தி அறுபது கண்ணுக்குத் தெரியிற சிவப்பு. எண்ணூத்தி அம்பது அகச்சிவப்பு. இன்னும் ஆழமாப் போகும், ஆனா கண்ணுக்குத் தெரியாது."

"ரொம்ப நல்லதாப் போச்சு." லோடுமேன் வெறுங்கையை நீட்டி, விரலில் எச்சில் தொட்டு, இல்லாத தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் எண்ணி வைத்தார். "கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத பணம். எண்ணிப் பாத்துக்க தாயி."

அவள் கடைப் பெட்டி ஒன்றைப் போட்டு, போன் கேமராவில் காட்டினாள். இருண்ட பல்புகள் மங்கலான ஊதாவில் தெரிந்தன.

"போனுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. வைத்தியம் எனக்கா, போனுக்கா?"

"சரிங்கய்யா, எவ்வளவு தூரத்துல வெக்கிறீங்க?"

"முட்டியோட ஒட்டி. ஒரு மணி நேரம்."

"ஐயோ! ஒரு சாண் தள்ளி, பத்து நிமிஷம் போதும். நகத்தளவு எடத்துல எவ்வளவு சக்தி விழுதோ, அது கதிர்ச்செறிவு. தள்ளிப் போனாக் குறையும். அது எத்தன நிமிஷம் விழுதுன்னு பெருக்கினா வர்றது டோஸ். ஜூல் கணக்குல..."

"நிறுத்து. ஒரு நடைக்கு எத்தன மூட்டை, சாயங்காலத்துக்குள்ள மொத்தம் எத்தன மூட்டை. அவ்வளவுதானே?"

"அதேதான்யா!"

இதில்தான் அவருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. புரியாமல் ஏமாந்தால் விதி என்று விடலாம். புரிந்தபின் எப்படி விடுவது?

வீட்டில் ஒரு சாண் தள்ளி, பத்து நிமிடம், தினமும் திட்டிக்கொண்டே உட்கார்ந்தார். நாலாம் நாள் செத்த பல்புகளைத் தானே பிழைக்க வைக்கிறேன் என்று பின்பக்கத் திருகு குமிழைத் திருப்பினார். எரிந்த முப்பதும் அணைந்தன.

"முப்பதாச்சும் எரிஞ்சுது. இப்போ இருட்டுக்கு முட்டியக் காட்டுங்க," என்றாள் மனைவி.

வீம்புக்குக் காட்டினார். இருபத்திரண்டு நாள், இருண்ட பெட்டியை முறைத்தபடி.

மேஸ்திரி வைத்த கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடைக்காரர் போன் போட்டார். "பாக்கி என்னாச்சு?"

அவ்வளவுதான். போனை வைத்த கையோடு கிளம்பி, கடைக்காரரின் மேசையை ஓங்கித் தட்டினார். "இப்போ ஒண்ணுமே எரியல! நாளைக்கழிச்சு பலகை ஏறணும், இந்த முட்டிய வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"மிஷினக் கொண்டாங்க, பாப்போம்."

வீடு இரண்டு தெரு தள்ளி. பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார்.

வெள்ளைக் கோட்டுப் பெண் பார்த்தவுடன் சொன்னாள். "ஐயா, எண்ணூத்தி அம்பது மட்டும்னு திருப்பி வெச்சிருக்கீங்க..."

"அந்த நம்பர இன்னொரு தடவ சொன்ன, நடக்கறதே வேற! மிஷின நீங்களே வெச்சுக்குங்க."

"அட்டைப் பெட்டியும், கூடக் குடுத்த கறுப்புக் கண்ணாடியும் இல்லாம எப்படி எடுக்கறது?" என்றார் கடைக்காரர்.

போய், கொண்டுவந்து வீசினார்.

"பில்லு?"

"இத மொதல்லயே கேட்டா வாய் வெந்துடுமா?"

போய், வந்து, பில்லை அவர் மூக்குக்கு நேரே ஆட்டினார். கடைக்காரருக்குக் கேட்டுக் கேட்டுக் காது அடைத்திருந்தது. நோட்டை எடுத்தார், மூவாயிரத்து நானூற்று ஐம்பதின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "பாக்கி தள்ளுபடி. முன்பணம் வாடகைக்குச் சரி. மிஷின் என்னுது. சாமி, ஆள விடுங்க!"

"அப்படி வாங்க வழிக்கு."

ஜெயித்த மிதப்பில் லோடுமேன் இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கினார். கீழே, கழற்றிப் போட்ட லிஃப்ட் கதவின் பக்கத்தில், கையெல்லாம் கிரீஸோடு மெக்கானிக் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காலையிலேர்ந்து பாக்குறேன், நாலு மாடியும் நாலு தடவ ஏறி எறங்கிட்டீங்க, ஒரு தடவ தோள்ல சுமையோட, எனக்கு ஒரே தடவையில முட்டி விட்டுப்போச்சு, நீங்க அப்படி என்னண்ணே வைத்தியம் பண்றீங்க?"