நூறு சதவீதம் பாதுகாப்பானது

எங்கள் பிறப்புப் பதிவு அலுவலகம் நவீனமாகிவிட்டதாக மேலிடம் அறிவித்த வாரத்தில் புதுக் கணினிகள் வந்து இறங்கின. சான்றிதழ் தரும் செயலி மட்டும் இருபது வருடப் பழசு. அது திறக்க மறுத்தது. ‘ரன்டைம்’ என்றொரு துணை மென்பொருள், அதுவும் குறிப்பிட்ட பழைய பதிப்பு, இருந்தால்தான் ஓடுமாம்.

கவுன்டரில் ஒரு நர்ஸ் காத்திருந்தாள். வெளிநாட்டு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பிறப்புச் சான்றிதழ் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

கணினிக்காரர் அந்தப் பதிப்பை, அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலேயே தேடிப் பிடித்தார். டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்த்துவிட்டு, பத்து நிமிட வேலை என்றார். பத்து நிமிடம் என்றதும் மேலதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று பேர் கொண்ட குழுவை அமைத்தார். மூன்றாவது ஆள் நான்.

எழுத்துமூலம் பாதுகாப்பு உறுதியளிக்கப்பட்ட மென்பொருளையே நிறுவலாம் என்றது சுற்றறிக்கை.

“இந்தப் பக்கத்துல பாதுகாப்பானதுன்னு எங்கய்யா போட்டிருக்கு?” என்றார் மேலதிகாரி.

“செஞ்சவங்களே தர்றாங்க சார். அதை வேற தனியா போடணுமா?” என்றார் கணினிக்காரர்.

“போடலைன்னா என்னமோ இருக்கு.”

தலைமை எழுத்தர் வேறொரு தளத்தைக் கண்டுபிடித்தார். நடத்துவது யாரென்று தெரியாது. ஆனால் ‘நூறு சதவீதம் பாதுகாப்பானது’ என்று பதினோரு இடத்தில் பச்சை எழுத்தில் இருந்தது. எண்ணிக் கோப்பில் குறித்தோம். வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு நிறுவும்படி அந்தத் தளம் பணிவுடன் கேட்டுக்கொண்டது. நிறுத்தினோம், நிறுவினோம். கணினிக்காரர் தலையில் அடித்துக்கொண்டது குழுவின் குறிப்பில் ஏறவில்லை. எனக்குத் தெரியாமலா அந்தக் குறிப்பில் கையெழுத்துப் போட்டேன் என்று இன்றும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். தெரிந்துதான் போட்டேன்.

மதியத்துக்குள் ஊரின் முப்பது வருடப் பிறப்புகள் அழிந்துபோயின. நகல் வைத்திருந்த வட்டும் அதே கணினியில்தான் செருகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, விஷயம் கேள்விப்பட்டு நர்ஸ் வந்தாள். பதிவு அழிந்துவிட்டது என்று ஒரு கடிதம் கொடுத்தால்கூடப் போதும், இன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் அங்கே ஏற்றுக்கொள்வார்கள் என்றாள். மேலதிகாரியிடம் போனேன்.

“பாதுகாப்பானதைத்தானே போட்டோம், பின்ன எப்படி அழியும்? அழிஞ்சதுன்னு எழுதினா குழு மாட்டும். குழுவுல நீங்களும் இருக்கீங்க.”

திரும்பி வந்து, அழிந்ததாகக் கடிதம் தர முடியாது என்றேன்.

“அப்ப என் பதிவு இருக்கா சார்?”

“இருக்கும்மா.”

“அப்ப சான்றிதழ் குடுங்க.”

“அது வராது.”

“உங்க முன்னாடி நிக்கிறேனே, இதை எதுல சேர்ப்பீங்க?”

அதற்கும் விதியில் இடம் இருந்தது. விண்ணப்பத்தை நிராகரித்து, காரணம் என்ற கட்டத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினேன்: ‘விண்ணப்பதாரர் தாம் பிறந்ததற்குப் போதிய ஆதாரம் அளிக்கவில்லை.’