ஓலை வாசித்த ஞாயிறும் ஒரு சிவப்புக் காரும்

இருபத்தாறு வயதில் நான் ஒரு முழு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, ஊரே சாட்சி. அரை முட்டாளாக இருந்திருந்தால்கூட, அலுவலகம் போய்வர ஒரு சைக்கிள் போதும் என்று தெரிந்திருக்கும். நானோ ஸ்போர்ட்ஸ் கார் வாங்கக் கிளம்பினேன்.

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்துத் தெருப் பிரெஞ்சுத் துரை ஒருவர் (நாங்கள் 'முசே' என்போம்) கப்பல் ஏறுவதற்கு முன் கட்டில், பீரோ, பியானோ எல்லாவற்றையும் விற்றுவிட்டார். மிஞ்சியது ஒரு சிவப்புக் கார். இரண்டே இருக்கை, கான்வாஸ் கூரை, தரையிலிருந்து ஒரு சாண் உயரம். விலை மலிவு. (வாங்க ஆளில்லாததால்தான் மலிவு என்பது எனக்கு உறைக்கவில்லை.) "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சாவியைக் கொடுத்தார்.

உடனே ஒரு நோட்டு வாங்கி, 'அன்றாடப் பயன்பாட்டுக்கு உகந்ததா?' என்று தலைப்பு எழுதி, அடிக்கோடும் போட்டேன். பெரிய மோட்டார் நிபுணர் அல்லவா! அதுவரை நான் ஓட்டியிருந்தது சித்தப்பாவின் ஓட்டை வேன் ஒன்றுதான்.

திங்கள்கிழமை: வேகம் பிரமாதம். (அலுவலகம் அடுத்த தெருவில், காரைக் கிளப்புவதற்குள் நடந்தே போயிருக்கலாம்.) செவ்வாய்க்கிழமை அம்மாவை மாதா கோயிலுக்கு அழைத்துப் போனேன். உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. "டேய், இது வண்டியா, குழியா? கைய குடுடா!" என்று கத்தினாள். இரண்டு பேர் சேர்ந்து தூக்கினோம். நோட்டில், 'இருக்கை மிக வசதி. இறங்க மனமே வராது' என்று எழுதினேன். புதன்கிழமை அரிசி மூட்டைக்கு இடமில்லை. 'வீண் சுமை ஏற்றும் பழக்கம் குறையும்' என்று எழுதினேன். இன்று அந்தப் பக்கங்களைப் பார்த்தால் எழுதியவனை இரண்டு அறை விடத் தோன்றுகிறது.

இதில் என் கல்யாணமும் மாட்டிக்கொண்டதுதான் வினை. அரியாங்குப்பத்து ரெஜினாவை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அந்த ஞாயிறு எங்கள் கோயிலில் முதல் ஓலை வாசிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பார். ரெஜினாவின் அப்பா போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னை ஆரம்பத்திலிருந்தே சந்தேகக் கேசாகத்தான் பார்த்தார். கார் விஷயம் காதுக்கு எட்டியதும் கூப்பிட்டு அனுப்பினார்.

"எம்பொண்ணு தெனம் போவப்போற வண்டியில மொதல்ல நான் ஒக்காந்து பாக்குறேன். ஞாயித்துக்கெழம வந்து என்னைக் கூட்டிட்டுப் போ. சரியில்லன்னா கல்யாணத்தையே யோசிக்கணும்."

நான் போனேன், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு.

மாமா ஆறடி. வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை. அவரை மடித்துத்தான் உள்ளே வைக்க முடிந்தது. ரெஜினாவும் அவள் அம்மாவும் ஒற்றை மாட்டு வண்டியில் வந்து சேரட்டும் என்று விட்டுவிட்டு, குறுக்குப் பாதையில் சீறிக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பாதையில் மாட்டு வண்டித் தடம் ஆழமாக ஓடியது. சக்கரங்கள் தடத்தில் இறங்க, நடுமேட்டில் வயிறு பதிந்து கார் நின்றுவிட்டது. பக்கத்து மண்கரை இடித்ததால் மாமா பக்கத்துக் கதவும் திறக்கவில்லை.

"என்னா, நின்னுட்ட?"

"மாமா, பாதையோட அமைப்பு கொஞ்சம்..."

"வாய மூடு."

அப்போது பின்னால் வந்த மாட்டு வண்டி ஓரமாக ஏறி, நிதானமாக எங்களைத் தாண்டிப் போனது. ரெஜினா எட்டிப் பார்த்து, "அம்மா, அப்பாவ எதுலயோ பொதச்சிருக்காங்க" என்றாள்.

கடைசியில் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நான்கு மீன்காரம்மாக்கள்தான் இரக்கப்பட்டார்கள். "நாங்க தூக்கி வுடுறோம். கூடைய மண்ணுல வெக்க முடியாது, பெரியவரே, செத்த புடி" என்று நான்கு கூடையையும் மாமாவின் மடியில் அடுக்கினார்கள். பிறகு மாமாவோடும் மீனோடும் காரை அலுங்காமல் தூக்கி நகர்த்தினார்கள். மீன் தண்ணீர் முழுவதும் வெள்ளைக் கால்சட்டையில் இறங்கியது.

கோயிலுக்குள் நாங்கள் நுழையும்போது சாமியார் எங்கள் ஓலையைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். தடை உண்டா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், வாசலருகே நின்றிருந்த மாமா கையைத் தூக்கினார்.

"இருக்குது, சாமி."

கோயிலே திரும்பியது. ரெஜினாவை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது. இந்தத் தகர டப்பாவுக்காக அவளை இழக்கப்போகிறேனே என்று அழுகை வந்தது.

"என்ன தடை?" என்றார் சாமியார்.

"வெளிய நிக்குது. செவப்பா."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. ரெஜினாவேதான். பின்னாலேயே கோயில் முழுக்கச் சிரித்தது. சாமியார் உதட்டைக் கடித்துக்கொண்டு, "தம்பி, தடையை நீக்க எத்தனை நாள் வேணும்?" என்று என்னைக் கேட்டார்.

"இப்பவே சாமி!" என்று கத்திவிட்டேன்.

பூசை முடிந்ததும் சாவியை முசே வீட்டில் கொடுத்துவிட்டு நடந்தே வீடு திரும்பினேன். இன்றும் எங்கள் வீட்டில் யாருக்கு ஓலை வாசித்தாலும், மொத்தக் குடும்பமும் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்க்கும்.

நோட்டை மட்டும் ரெஜினா எரிக்க விடவில்லை. விருந்தாளி வந்தால் எடுத்து வாசிப்பாள். கல்யாணமான எட்டாம் நாள், கடைசிப் பக்கத்தில் என் பெயரைத் தலைப்பாகப் போட்டு, அடிக்கோடும் இழுத்து, அவள் எழுதியது இது: 'ஒரு வாரம் பார்த்தேன். அன்றாடப் பயன்பாட்டுக்கு உகந்தது அல்ல. ஆனாலும் வைத்துக்கொள்கிறேன்.'